மேல்வீடு, கீழ்வீடு

“இவளுக்க தலைக்கு மேல நான் குடியிருந்தா, மீன் கழுவுன வெள்ளத்தை நேரா கீழதான் ஊத்துவேன்!” என்றார் பகவதியம்மாள்.

“ஊத்திப் பாரு ஏட்டி! நான் கீழ விறகு வெச்சு ஊதுத புகையில நீ கருவாடாக் காஞ்சு போவே!” என்று சத்தியபாய் குறுக்கே பாய்ந்தார்.

மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில், கருத்துக் கேட்புக் கூட்டம். வாய்க்கால் ஓரத்தில் இந்தக் கிழவிகள் குடியிருக்கும் சானல்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு மாடி வீடுகள் கட்டித் தரப்போகிறார்கள். யாருக்கு எந்த வீடு, எப்படிக் கொடுப்பது என்று மக்களும் சொல்லலாம், கட்டுகிற கம்பெனியும் சொல்லலாம்.

மூட்டு வலி, மூச்சு முட்டல் என்று கீழ்வீடு கேட்டு வந்தவர்களை எல்லாம் அதிகாரி குமாரதாஸ் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். “எல்லாம் குலுக்கல்தான். தனிப்பட்ட கோரிக்கை எடுக்க மாட்டோம். பொதுப் பிரச்சினை உண்டுன்னா சொல்லுங்க.”

“இவளுக்கு முட்டு தேஞ்சு நாலு படி கேற வய்யாது. வாய் மட்டும் மூணு மாடி கேறும்!” என்று சொல்லிவிட்டு பகவதியம்மாள் மைக்கை நீட்டினார்.

சத்தியபாய் வாங்கிக்கொண்டார். “நெஞ்சைப் பிடிச்சிட்டு எப்பவும் ஆசுபத்திரிக்கு ஓடுதவளாக்கும் பறையுது!”

கம்பெனிக்காரர் அபினேஷ் எழுந்தார். “சார், கட்டடத்தை நாங்கதான் பராமரிக்கணும். இவங்களை மேலயும் கீழயும் போட்டா தினமும் எங்களுக்குத்தான் போன் வரும்.”

“அப்போ ரெண்டு பேரையும் கீழயே போட்டிரலாமா?” என்று குமாரதாஸ் கேட்டார்.

“ரெண்டு பேருக்கு மட்டும்னா மத்தவங்க கேஸ் போடுவாங்க. பொது விதியா எழுதுங்க சார்.”

குமாரதாஸ் எழுதினார். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தரைத்தளம், மற்றவர்களுக்குக் குலுக்கல். முன்வரிசைக் கிழவிகள் எல்லாரும் கைதட்டினார்கள்.

“இவளுக்குப் பக்கத்து வீடா? சாரே, நான் சம்மதிக்க மாட்டேன்!” என்று சத்தியபாய் கத்தினார்.

“கையெழுத்துப் போட்டாச்சு. இனி மாத்த முடியாது” என்று குமாரதாஸ் கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே ஒரே ஒரு ஆட்டோதான் நின்றது. இருவரும் ஏறி, ஆளுக்கொரு ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆட்டோ வளைவு திரும்பியது. மண்டபம் மறைந்தது.

“ஏட்டி, அடுத்த கூட்டத்துல துணி காயப்போட இடம் கேக்கணும்” என்றார் பகவதியம்மாள். “அன்னைக்கு நீ முதல்ல ஏசு.”