நெல் நனையவில்லை

பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ரித்தி, தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கடியில் போட்டிருந்த கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற முயன்று மறுபடி சரிந்தான்.

"முடியல, சொபியாப்."

"எப்பப் பாரு முடியல, முடியல! நீங்க தனியா ஏறினாத்தானே நான் தாய்லாந்து வேலைக்குக் கிளம்ப முடியும்? இல்லேன்னா சோத்துக்கு என்ன வழி?" பொரிந்துவிட்டு மனைவி சந்தைக்குப் போனாள்.

வழியிலேயே மழை பிடித்தது. முற்றத்தில் நெல் காய்கிறதே! ஓடி வந்தாள்.

நெல் முழுவதும் வீட்டுக்கடியில் நனையாமல் இருந்தது. ரித்தி கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தான்.

"யாரு அள்ளினது?"

"பக்கத்து வீட்டு அக்கா."

வெளியே, தாய்லாந்து வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் ஏஜென்ட்டின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சொபியாப் துடைப்பத்தை எடுத்து, முற்றத்துச் சேற்றில் பதிந்திருந்த சக்கர நாற்காலித் தடங்களை அவசரமாக அழித்தாள்.

"அவரால இன்னும் தனியா ஏற முடியலண்ணே," என்றாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்."