பியூஸ் இல்லாத மேடை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. நாலு பேர் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் உங்களில் யாராவது இருந்தால், இந்தக் கதை உங்களுக்குத்தான்.

விமல்ராஜ் மேடைக்குப் பின்னால் வந்து சுற்றுமுற்றும் பார்த்தான். மெயின் சுவிட்சை அணைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பீங்கான் பியூஸ் ஒன்றை உருவி ஜோப்பில் போட்டுக்கொண்டான்.

திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். விருத்தாசலத்தில் பியூஸ் செய்கிற பீங்கான் யூனிட்டில் வேலை பார்ப்பவன். ‘சூளை’ என்கிற ராக் பேண்டில் கிட்டார் வாசிப்பவன். அன்றைக்கு யூனிட்டின் ஆயுத பூஜை விழாவில் அவர்கள் கச்சேரி. போன மாதம் சேத்தியாத்தோப்பு மேடையில் கை விறைத்துப்போய், இறங்கி ஓடி, கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சேர்ந்தவன் அவன்.

“இன்னிக்கும் ஓடினன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்” என்று பாடகி துர்காதேவி காலையிலேயே சொல்லிவிட்டாள். கிட்டார் இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கரண்ட்டே இல்லாவிட்டால் ஓட வேண்டியதில்லை அல்லவா?

வரவேற்புரை பேச வேண்டிய முதலாளி கோதண்டபாணி வந்தார். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு.

“என்னாடா விமலு, மூஞ்சி வேகாத மண்ணாட்டம் இருக்குது?”

“வயிறு சரியில்ல மொதலாளி.”

“மைக்கு என்னா கடிக்கவா போவுது? முன்னால குந்தியிருக்கறது எல்லாம் நம்ம ஆளுங்கதான.”

“அதான் மொதலாளி பயமா இருக்குது.”

அதற்குள் துர்காதேவி மேடைக்குப் பின்னாலிருந்து வந்தாள். “மொதலாளி, பலகையில ரெண்டு பியூஸையும் காணோம்.”

“அடடா. அப்ப விழாவ அடுத்த வருசம் வெச்சிக்கலாம்” என்றார் முதலாளி.

“பியூஸ் செய்யற எடத்துல பியூஸுக்கா பஞ்சம்?” என்று பேக்கிங் அறைப் பக்கம் நடந்தாள் அவள். அங்கே எட்டாயிரம் பியூஸ் அடுக்கி இருந்தது. அதில் பாதி விமல்ராஜே அடுக்கியது; பயத்தில் அது அவன் நினைவுக்கே வரவில்லை.

ரெண்டே நிமிடத்தில் மைக் உயிர்பெற்றது.

“நேரமாயிடுச்சு. வரவேற்புரையெல்லாம் வேணாம், நேரா பாட்டுக்குப் போங்க” என்று முதலாளி கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

விமல்ராஜ் மேடை ஏறினான். நடுங்கிய விரல் கம்பியில் பட்டு ஸ்பீக்கர் அலறியது. ராக் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று ஜனம் விசிலடித்தது. அந்த விசிலில் அவனுக்கு விரல் இளகிவிட்டது. ஆறு பாட்டு வாசித்தும் இறங்க மனசில்லை.

“அடுத்த மேடைக்கும் நீதான்டா” என்றாள் துர்காதேவி.

ஆனாலும் மனசு உறுத்தியது. முதலாளியின் அறைக்குப் போய், பியூஸை மேஜைமேல் வைத்தான்.

“பயத்துல நான்தான் எடுத்தேன் மொதலாளி. ஆனா ஒண்ணுதான் எடுத்தேன், சத்தியமா.”

கோதண்டபாணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசுடா. இன்னொண்ண எடுத்தது நானு.”

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் ஒருநாளும் ஓயாமல் இருக்கட்டும்.