யார்க் கோமகனுக்கான இருமல்

அரசருக்கும் அரசிக்குமான ஜெபத்தைப் படித்து முடித்து, ஆம்புரோஸ் பாதிரியார் மூச்சை இழுத்துக்கொண்டார்.

முன்வரிசையில் தாமசின் என்ற அவர் மனைவி தன் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அடுத்து வரவேண்டிய பெயர் யார்க் கோமகன் ஜேம்ஸ். அரசரின் தம்பி. அரசருக்குப் பட்டத்துப் பிள்ளை இல்லாததால் நாளைய அரசர். ஆனால் புராட்டஸ்டன்ட் நாட்டில் அவர் கத்தோலிக்கர்.

வலப்பக்கம் சிவப்பு ரிப்பன் கட்டிய டோரி கட்சி. பெயரை விட்டால் பிஷப்புக்குக் கடிதம் போகும். இடப்பக்கம் பச்சை ரிப்பன் விக் கட்சி. பெயர் காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போனால் திரும்ப மாட்டார்கள்.

அதனால் இரண்டு வருடமாக அந்த இடத்தில் ஆம்புரோசுக்கு இருமல் வரும். சொன்னார் என்றும் சொல்லலாம், சொல்லவில்லை என்றும் சொல்லலாம். அது விக் இருமலா டோரி இருமலா என்று சாராயக்கடையில் கேலி பேசிக்கொள்வார்கள்.

இன்று இருமவும் வழியில்லை. பின்வரிசையில் பிஷப்பின் ஆள் உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொல்லவில்லை என்று அவர் எழுதினால் வேலையும் வீடும் போய்விடும்.

இன்னொரு முறை மூட்டை கட்ட தாமசினுக்குத் தெம்பில்லை.

ஆம்புரோஸ் வாயைத் திறந்தார்.

இடப்பக்கத்தில் நெசவாளி ஒபதியா இருமினான். அடுத்து அவன் பெண்டாட்டி. பிறகு பச்சை ரிப்பன் மொத்தமும்.

காதில் விழாத பெயருக்காக யாரும் எழுந்து போகவேண்டியதில்லை. உதடு அசைந்ததைப் பார்த்த டோரிகள் கூரை அதிர ஆமென் சொன்னார்கள்.

வாசலில் பிஷப்பின் ஆள் தாமசினை நிறுத்தினார்.

"ஊருக்கே சளி பிடிச்சிருக்காம்மா? நீங்கதான் கிட்ட இருந்தீங்க. பேரைச் சொன்னாரா?"

"சொன்னாருங்க ஐயா. நல்லாத் தெளிவா."

அவர் குறித்துக்கொண்டு குதிரை ஏறினார்.

இரண்டு வருடமாக இருமலுக்கு அடியில் சொல்லிவந்த பெயரைத்தான் ஆம்புரோஸ் இன்றும் சொல்லியிருந்தார். மார்ஜரி. பத்தொன்பது வருடத்துக்கு முன், இன்று அவர் படிக்கும் இதே ஜெபப் புத்தகத்தை அன்று ஏற்க மறுத்ததற்காக முந்தைய ஊரிலிருந்து துரத்தப்பட்டபோது, நடுவழியில் குளிரில் இறந்துபோன நான்கு வயது மகள்.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பது போப்பின் ஆட்களான கத்தோலிக்கர்கள் செய்யும் தப்புக் காரியம். அந்த ஊரில் இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.