ஏழாம் படுக்கைக்காரர்

"சார், ஏழாம் படுக்கைக்காரரோட ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைச் சொல்லுங்க. இந்த டெஸ்ட் வசதி உங்க லேப்லதான் இருக்கு, ரிசல்ட்டைப் பார்த்துதான் மருந்தை மாத்தணும்." போனில் டாக்டரம்மா கெஞ்சினார்.

பக்கத்து நாட்டு மருத்துவக் கல்லூரியின் ஆய்வக அதிகாரி மசியவில்லை. "ரிசல்ட் ரெடிம்மா. ஆனா கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்துல எங்க டீன் கையெழுத்துப் போடாம வெளிய தர முடியாது. எந்தக் காலேஜ் பேரு முதல்ல வர்றதுன்னு இன்னும் பேரம் நடக்குது."

"உயிரைவிடப் பேரு பெருசா சார்?"

"என்னைக் கேட்டா? அதைப் பேசத்தானே டீன் உங்க ஊருக்கு வந்திருக்காரு! அவரைப் பிடிங்க."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பிடிச்சுப் படுக்க வச்சிருக்கேன். அவர்தான் சார் ஏழாம் படுக்கை!"

போனை வைத்துவிட்டு ஏழாம் படுக்கைக்கு ஓடினார். டாக்டரம்மா ஒப்பந்தத்தை நீட்ட, போர்வைக்குள்ளிருந்து ஒரு கை பேனாவை வாங்கியது.

"போடறேம்மா," என்றார் டீன், பற்கள் தந்தியடிக்க. "ஆனா எங்க காலேஜ் பேருதான் முதல்ல."