பழைய பட்டன்

"இது தையலா? கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு!"

சூப்பர்வைசர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தியதில் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. தையல்கூடத்தில் அவளுக்கு 'இடி' என்று பெயர். சும்மா வைக்கவில்லை.

காலர் தைப்பவள் எழுந்து நின்றாள். வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. நிற்க எங்கே முடிந்தது? அடிவயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ முறுக்கிப் பிழிந்தார்கள். இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது.

"மாசாமாசம் இதே கதையா?" கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "முடியலேன்னா வீட்டுக்குப் போகட்டும். இன்னொரு லீவு போட்டா, அப்படியே வேலையை விட்டு நின்னுடட்டும்."

"வேண்டாம் சார், நான் தைச்சுடறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரப் போனாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். செத்தாலும் இந்த மெஷினை விடுவதாக இல்லை.

இடி துணியைப் பிடுங்கினாள். "உன் லட்சணத்துக்குத் தையல் வேறயா? போ, ஸ்டோர் ரூமுக்கு! சாயங்காலம் வரைக்கும் பழைய பட்டனையெல்லாம் நிறம் பார்த்துப் பிரி. அதுதான் தண்டனை. சரிதானே சார்?"

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அக்கா..."

"வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்!"

இத்தனை பெண்கள் இருந்தும் ஒருத்தியாவது பரிந்து பேச வேண்டுமே? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்ன பிறவிகளோ!

சுவரைப் பிடித்தபடி நடந்தாள். எத்தனை மூட்டை இருந்தாலும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை, இந்த இடி முன்னால் மட்டும் அழக்கூடாது என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே பாய் விரித்திருந்தது. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை இருந்தது. பட்டன்கள் ஏற்கெனவே நிறம் நிறமாக டப்பாக்களில் கிடந்தன.

பாயில் படுத்திருந்த பாக்கெட் தைப்பவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா. எனக்குக் காலையிலயே திட்டு விழுந்தாச்சு. உன் காலர்ல ஒரு கோணலும் இருந்திருக்காது."

"அப்புறம் ஏன்..."

"லீவு கேட்டா வேலை போகும். தண்டனைக்குப் போகாது இல்ல? நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, அக்கா உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம். எல்லாருக்கும் வர்ற வலிதானேன்னு நானும் பொறுத்துக்கிட்டே இருந்தேன். அக்கா இழுத்துட்டுப் போனப்பதான் கர்ப்பப்பையில கட்டின்னு தெரிஞ்சுது."

வெளியே மறுபடியும் இடி இடித்தது. காலர் தைப்பவள் நடுங்கினாள்.

"பயப்படாதே. அந்தக் கத்தல் மேனேஜருக்கு." வெந்நீர்ப் பையை எடுத்து அவள் வயிற்றில் வைத்தாள். "இதுதான் உனக்கு."