பஞ்சில் ஒட்டியது

பஞ்சை எடுத்ததும் கௌரவ்வாதான் முதலில் பார்த்தாள். ஒரு மஞ்சள் பொட்டு.

மிளகு அளவுகூட இல்லை. தம்பி ஈரண்ணாவின் மார்பில், மருந்துக் குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தை மூடியிருந்த பஞ்சு அது. சுற்றிலும் தோல் சிவந்து லேசாக வீங்கியிருந்தது.

சீழ்.

நேற்றுவரை அந்த இடம் உலர்ந்து கிடந்தது. ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்காமல் கொதித்தபோதும் அங்கே ஒரு கசிவு இல்லை. ஒரு சொட்டு சீழ் உண்டா பார், எங்கள் வீட்டு உடம்பு அப்படி என்று நர்ஸ் லவீனாவிடம் அவள் பெருமையடித்துக்கொண்டாள். லவீனா சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது லவீனா பஞ்சை இடுக்கியால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

கௌரவ்வா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. இடுப்பு வலி இன்னும் விடவில்லை.

அந்தச் சீழ் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் கொண்டுவந்தது.

ஹுப்ளியின் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஈரண்ணாவின் கழுத்திலிருந்து லிங்கத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஜாதியில் குழந்தை பிறந்த சில நாட்களில் கழுத்தில் கட்டிவிடுவது. நாற்பத்தோரு வருஷம் உடம்பை விட்டு இறங்காதது. வெள்ளிக் கூட்டோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, படுத்தபடியே அவன் கண்ணில் படட்டும் என்று அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்கள்.

இந்த அறைக்குள் பூ வரக்கூடாது. பழம் வரக்கூடாது. கிருமியோடு மல்லுக்கட்ட அவன் ரத்தத்தில் வெள்ளணுவே மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரில் இருந்த பலகையில் தினமும் எத்தனையாவது நாள் என்பதையும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் எழுதுவார்கள். இன்றைக்கு நாள் பதினாறு என்று மட்டும் எழுதியிருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை.

ஆறு நாளுக்கு முன்னால், ஒரு மத்தியானம், ஈரண்ணா கண்ணைத் திறந்து கண்ணாடிப் பக்கம் பார்த்தான்.

"அதக் கொடு" என்றான்.

ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

அம்மா இறந்த அன்று, வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டவள் என்று, வாசல்நிலையில் கையை நீட்டி மறித்து, "நீ உள்ள வராத" என்று சொன்னவன். தெருவில் நின்றே அம்மாவைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

அவன் மனைவி போனில் அழுதபோது கௌரவ்வா மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினாள். அவன் பிழைக்கவேண்டும் என்று வந்தாளா, படுத்துக் கிடப்பவன் தன்னை அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று வந்தாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். லிங்கத்தை எடுத்து அவன் கையில் வைத்தபோதும் இரண்டு எண்ணமும்தான் இருந்தன. அவன் அதை மார்போடு, அந்தக் குழாயின் மேலேயே, அழுத்திப் பிடித்துக்கொண்டான். தன் கையைக் கழுவியவளுக்கு அந்தக் கூட்டைத் துடைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காய்ச்சல்.

"நான்தாம்மா" என்றாள் கௌரவ்வா. குரல் முகமூடிக்குள்ளேயே நின்றது. "லிங்கத்த உள்ள கொண்டுவந்து கொடுத்தேன். யாருக்கும் தெரியாம. என் தம்பிய நானே கொன்னுட்டேன்."

லவீனா திரும்பினாள். முகமூடிக்கு மேலே கண்கள் நனைந்திருந்தன.

"தப்புதான், கௌரக்கா. அதுக்கு அப்புறமா திட்டறேன். இப்ப இத வந்து பாருங்க."

கௌரவ்வா எழுந்திருக்கவில்லை. லவீனாவே அருகில் வந்தாள். கிருமி எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் அவன் தோலிலேயே இருந்ததாகத்தான் இருக்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சீழுன்னா என்னன்னு நெனச்சீங்க? வெள்ளணு தேடி வந்து கிருமிய முழுங்கும். முழுங்கிட்டு தானும் செத்து விழும். அந்தக் குவியல்தான் இது. அஞ்சு நாளா இங்க சண்ட போட ஆளே இல்ல, அதான் அவ்வளவு சுத்தமா கெடந்துது. நீங்க பெருமையடிக்கறப்பல்லாம் எனக்கு பயமா இருக்கும்."

கௌரவ்வாவுக்குப் புரிய நேரமானது.

"அப்போ, அவன் உடம்புல வெள்ளணு ஊற ஆரம்பிச்சிருச்சா?"

"அவரோடது ஏது? நோயோட சேத்து அதயும் மருந்து குடுத்து வேரோட அழிச்சாச்சே." லவீனாவின் பார்வை அவள் இடுப்புக்குப் போய் நின்றது. "பதினாறு நாளுக்கு முன்னாடி உங்க இடுப்பெலும்புலருந்து மஜ்ஜைய எடுத்து அவருக்கு ஏத்தினோமே. இது உங்களோடது."

பிழைத்துவிட்டான் என்று இப்போதே சொல்லமாட்டேன் என்றும் அவள் சொன்னாள். காய்ச்சல் இறங்க வேண்டும், எண்ணிக்கை ஏற வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பக் குப்பி எடுத்துவரப் போனாள். பஞ்சு தட்டில் இருந்தது.

ஈரண்ணா தூக்கத்தில் முகத்தைச் சுளித்தான். அந்த இடம் வலிக்கத் தொடங்கியிருக்கவேண்டும்.

கௌரவ்வா குனிந்து பஞ்சைப் பார்த்தாள்.

செத்தவை வெளியே வந்திருந்தன. மற்றவை உள்ளே இருந்தன.