தங்கக் காப்பு

"அடடா, என்ன ஒரு ஒடுக்கு!"

ஓவியப் போட்டியின் நடுவர் பதினேழாம் எண் படத்தின் முன் உருகி நின்றார். டீ போடும் பழைய அலுமினியப் பாத்திரம், அவ்வளவுதான். வரைந்தவர் பெயரை, விதிப்படி, காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"ஒடுங்கின பாத்திரத்துல அப்படி என்னங்க இருக்கு?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"உனக்கு டீயே ஒழுங்கா போட வராது, இதெல்லாம் எங்க புரியப்போவுது? இந்த ஒடுக்குலதாண்டி படத்தோட உயிரே இருக்கு! இதைப் போட்ட கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

போட்டிச் செயலாளர் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். முதல் பரிசு என்று நடுவர் கையெழுத்துப் போட்டதும் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது நடுவருடைய மனைவியின் பெயர்.

நடுவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ... எப்போடி வரையக் கத்துக்கிட்ட?"

"அதை விடுங்க. நான் படம் மட்டும்தான் போட்டேன். டீ ஆறிப்போச்சுன்னு போன மாசம் பாத்திரத்தைச் சுவத்துல விட்டெறிஞ்சீங்களே, ஒடுக்கு போட்டது உங்க கைதான்" என்றாள் மனைவி. "சொல்லுங்க, காப்பு எந்த சைஸ்ல வாங்கட்டும்?"